மலையிறங்கிக் கடல் கடக்கும் குடும்பங்களுக்கு: மருத்துவர் பதில்கள்

சமவெளி மக்கள் சீசனுக்காக மலையேறும் ஏப்ரல், மே மாதங்களில் நம் மக்கள் மலையிறங்கி விமானம் ஏறுகிறார்கள். இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பயணங்களைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: குடும்பத்துடன் வெளிநாடு செல்கிறோம். என்னென்ன தடுப்பூசி போட வேண்டும்? (கோத்தகிரி)

வெளிநாடு என்பது ஒரு நாட்டின் பெயர் அன்று. எந்த நாடு, எந்த மாதம், எத்தனை நாள், யார் யாருக்கு என்ன வயது, கருவுற்றவர் உண்டா என்பதையெல்லாம் எழுதுங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: கென்யாவுக்குப் பத்து நாள் பயணம். இரண்டு பிள்ளைகளும் 66 வயதுத் தந்தையும் வருகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? (கூடலூர்)

கட்டாயம். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதியுண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால், புறப்படும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எல்லா மருத்துவமனையிலும் இதைப் போடுவதில்லை. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே கிடைக்கும். அறுபதைக் கடந்த உங்கள் தந்தைக்கு அது உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி என்பதால், போடலாமா என்று மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். மலேரியா மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள் வரை விழுங்குங்கள். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "கென்யா போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். நம் குளிரில் வந்த காய்ச்சலை மலேரியா என்று யாரும் எளிதில் சந்தேகிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஊட்டியில் வசிக்கும் என் தாயாருக்கு 71 வயது, ஆஸ்துமா உண்டு. துபாய்க்கு அழைத்துச் செல்கிறோம். விமானத்தில் மூச்சு முட்டுமா? (ஊட்டி)

விமானம் பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறந்தாலும், உள்ளேயிருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையின் அழுத்தத்துக்கு ஒப்பாகவே வைக்கப்படுகிறது. ஊட்டியோ ஏறத்தாழ 2,240 மீட்டர். மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையுடன் வீட்டு மேட்டை நின்று நின்றாவது ஏறிவிடுகிறார் என்றால், அவர் நாள்தோறும் விமானத்துக்குள் இருப்பது போலத்தான் இருக்கிறார். உங்கள் கவலை விமானத்தைப் பற்றியதாக இல்லாமல் துபாயின் 40 டிகிரி வெயிலைப் பற்றியதாக இருக்க வேண்டும். மின்விசிறி இல்லாத வீட்டிலேயே வாழ்ந்த உடல் வெயிலுக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்; முதல் நான்கு நாள் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே அழைத்துப் போகாதீர்கள். இன்ஹேலரும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: இன்சுலினை வீட்டில் அலமாரியில்தான் வைக்கிறோம், கெட்டதில்லை. பயணத்திலும் அப்படியே பெட்டியில் போடலாமா? (குன்னூர்)

உங்கள் அலமாரியே குளிர்பெட்டி போலத்தான் என்பதால் கெடவில்லை. விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்துபோகக்கூடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெந்துபோகும். உறைந்த இன்சுலின் கரைந்த பிறகும் பயன்படாது. கைப்பையில், மருந்துச் சீட்டுடன் வையுங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஒருவர் பெட்டியில்தான் போடுகிறார்.

கேள்வி: பாலித் தீவில் குரங்குகள் நிறைந்த காட்டைப் பார்க்கப் போகிறோம். எங்கள் வீட்டுக் கூரைமேலேயே குரங்குகள் உண்டு. பிள்ளைகள் கையால் வாழைப்பழம் கொடுத்துப் பழகியவர்கள். பயமில்லை அல்லவா? (குன்னூர்)

பயம் உண்டு, அந்தப் பழக்கமே முதல் பயம். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தி, சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து நீட்டி, குழந்தையைக் குரங்கின் அருகே நிறுத்திப் படமெடுக்கும் குடும்பங்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஒரு மாலை என்னிடம் அழைத்து வரப்பட்ட ஆறு வயதுச் சிறுமியின் முன்கையில் நான்கு பல் தடங்கள் இருந்தன. நான்கிலும் காப்பித்தூள் அப்பியிருந்தது. "குரங்குதானே டாக்டர், நாயில்லையே" என்றார் தந்தை. 1907 முதல் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்புக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிலையம் இருக்கும் இந்தக் குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

பாலித் தீவில் 2008 முதல் ரேபிஸ் இருக்கிறது. அங்கே அதைப் பெரும்பாலும் பரப்புவது நாய்தான். ஆனால் குரங்கு கடித்தாலும் கீறினாலும் அதே சிகிச்சையைத்தான் எடுத்தாக வேண்டும், ஏனெனில் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அனேகமாக இல்லை. கடித்தவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே முதல் ஊசியும், ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போட வேண்டும். அந்த மருந்து சுற்றுலா இடங்களில் எளிதில் கிடைப்பதில்லை. விடுமுறையை முறித்துக்கொண்டு வேறு நகரத்துக்கு ஓட நேரலாம். புறப்படும் முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது, இரண்டு ஊசி போதும். கைநீட்டும் பழக்கமுள்ள உங்கள் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுவிடுவதே நல்லது. காட்டுக்குள் தின்பண்டம் எடுத்துப் போகாதீர்கள். குரங்கு மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். கண்ணாடி கடையில் கிடைக்கும்.

கேள்வி: மாலத்தீவில் கடைசி நாள் காலை ஸ்கூபா, மாலை விமானம், இரவே வீடு. சரிதானே? (கொடைக்கானல்)

சரியில்லை. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரம் ஏறினால் குமிழியாகி மூட்டுகளையும் முதுகுத்தண்டையும் தாக்கும். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் என்பது பொதுவான அறிவுரை. நான் 24 என்பேன். வத்தலக்குண்டிலிருந்து 2,100 மீட்டர் வரை காரில் ஏறுவதும் விமானம் ஏறுவதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். நீர்ப்பரப்பில் மிதந்தபடி மீன் பார்ப்பதற்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விமானத்தில் சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தடவலாமா? (குந்தா)

கூடாது. அந்த வயதில் மூக்கருகே தடவினாலே மூச்சுத் திணறலாம். சில மில்லி விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கேள்வி: அபுதாபியிலுள்ள மகளுக்கு வீட்டு மசாலா எடுத்துச் செல்கிறேன். (கோத்தகிரி)

கசகசா இருந்தால் இங்கேயே வைத்துவிடுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். கோடீன், டிரமடால் ஆகிய வலிநிவாரணிகள் கலந்த மாத்திரைகளுக்கும் முன்அனுமதி வேண்டும். மருந்துச் சீட்டு கைப்பையில்.

கேள்வி: சுவிட்சர்லாந்து விசாவுக்காகக் காப்பீடு எடுக்கிறோம். ரத்த அழுத்தம் இருப்பதைச் சொன்னால் கட்டணம் கூடுகிறதாமே? (ஊட்டி)

கூடும். மறைத்தால், அங்கே மாரடைப்பு வரும்போது விசாவுக்காக எடுத்த 30,000 யூரோக் காப்பீடும் வெறும் காகிதமாகிவிடும். ஒருநாள் படுக்கைக் கட்டணத்தைக்கூட நீங்களே கட்ட நேரலாம். சொல்லிவிட்டே எடுங்கள்.