அண்டி ஆபீசில் தொடங்கும் ஆராய்ச்சி

கேள்வி: வெப்பப் பொறியியலில் எம்.இ. முடித்திருக்கிறேன். அப்பா மார்த்தாண்டம் பக்கத்தில் சிறிய அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) நடத்துகிறார். ஆலைகளுக்கு வேண்டிய வெப்பத்தைச் சேமித்துவைப்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். "கரண்டைச் சேமிக்கலாம், சூட்டை யாராவது சேமிப்பார்களா?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இத்துறையில் உண்மையிலேயே இடம் உண்டா? எங்கே விண்ணப்பிக்கலாம்?
— வாசகி, குழித்துறை

பதில்: வீட்டார் சிரிப்பதில் வியப்பில்லை, சூடு ஆறிப்போகும் என்பதுதான் அன்றாட அனுபவம். ஆனால் இரும்பை உருக்கும் ஊதுலைக்குச் செல்லும் காற்றைச் சூடேற்ற, உலையிலிருந்து வெளியேறும் வாயுவை எரித்துச் செங்கல் அடுக்குகளில் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் முறைக்கு எட்வர்ட் கூப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1857-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இரும்பு ஆலைகளில் அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. ஸ்பெயினில் 2009-இல் இயங்கத் தொடங்கிய ஆண்டசோல் சூரிய மின்நிலையம் 28,500 டன் உப்பை உருக்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் ஏழரை மணி நேரம் மின்சாரம் தருகிறது. உலகின் தொழில்துறை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகவே செலவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி ஆய்வுக்கு வருவோம். "வெப்பச் சேமிப்பில் ஆர்வம் உள்ளது" என்று எழுதி எந்தப் பேராசிரியரிடமும் போகாதீர்கள். எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரத்துக்கு, யாருக்கு என்ற மூன்றுக்கும் விடை இல்லாத விண்ணப்பம் பத்தோடு பதினொன்றாகிவிடும். அந்த விடையைத் தேட உங்களுக்கு அப்பாவின் ஆபீசே போதும். அங்கே இரண்டு விதமான சூடு இருக்கிறது. அண்டியை வேகவைக்க நீராவி வேண்டும். தோடு உடைத்தெடுத்த பருப்பைப் போர்மா என்ற உலர்த்தும் அறையில் 70 டிகிரி அளவில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். போர்மாவில் சூடு குறைந்தால் மேல்தோல் பருப்பைவிட்டு வராது. கூடினால் பருப்பு பழுப்பேறி விலை இறங்கும். தட்டுகளை இடம் மாற்றி மாற்றி வைக்கும் தொழிலாளர்கள் கண்ணாலும் விரலாலும் செய்துகொண்டிருப்பது வெப்பக் கட்டுப்பாடுதான்.

இதில் போர்மாவுக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. ஒரு டன் தண்ணீர் 95 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 23 யூனிட் வெப்பத்தைத் தரும்; நன்றாக உறையிட்ட தொட்டி ஒன்றே அந்த வேலையைப் பார்த்துவிடும். சிக்கல் நீராவியில்தான் இருக்கிறது. எட்டு பார் அழுத்தமுள்ள நீராவிக்கு ஏறத்தாழ 170 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் தண்ணீரைத் திரவமாகவே வைத்திருக்க அழுத்தம் தாங்கும் கலன் வேண்டும், அதன் விலை அதிகம். சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் இரண்டையும் கலந்த வழக்கமான உப்போ 220 டிகிரிக்குக் கீழே உறைந்து குழாயை அடைத்துவிடும். இடைப்பட்ட வெப்பநிலையில் உருகி உறையும் பொருளைத் தேடிப்போனவர்கள் எரித்ரிட்டால், மன்னிட்டால் ஆகியவற்றில் போய் நின்றார்கள். முன்னது 118 டிகிரியிலும் பின்னது ஏறத்தாழ 167 டிகிரியிலும் உருகுகின்றன. இரண்டுமே கிலோவுக்கு 300 கிலோஜூல் அளவில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்புகளில் சேர்க்கும் அதே பொருள்கள்தாம். ஆனால் எரித்ரிட்டால் உறைய வேண்டிய சூட்டில் உறையாமல் அடம்பிடிக்கிறது. மன்னிட்டாலோ நெடுநேரம் உருகிய நிலையில் காற்றுப்பட இருந்தால் சிதைகிறது. அதோடு, இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவதால், சேமித்ததை வேண்டிய வேகத்தில் வெளியே எடுப்பது தனிப் போராட்டம். இந்த மூன்றில் எதைப் பிடித்தாலும் ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எரிக்க அண்டித்தோடு கையிலேயே கிடைப்பதால் இந்தச் சேமிப்பு அப்பாவுக்கு லாபம் தராது. எண்ணெயும் எரிவாயுவும் விலை கொடுத்து வாங்கும் பால் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை போன்றவற்றுக்கே அது பயன்படும். மற்றொரு வழி ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கிறது. ஆடிக் காற்றில், மின்தொகுப்பு வாங்கிக்கொள்ள முடியாத வேளைகளில் காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்கிறதே, அந்த மின்சாரத்தைக் கொண்டு செங்கல்லைச் சூடாக்கி வைத்து, பிறகு நீராவியாக மாற்றிக்கொள்ள முடியும். ஒரு டன் செங்கல்லை 400 டிகிரி உயர்த்தினால் சுமார் 100 யூனிட் வெப்பம் தேங்கும். கல் விரிசல் விடாமல் எத்தனை முறை சூடாகி ஆறும் என்பதும், காற்றுக் காலம் முடிந்த பிறகு அந்த முதலீடு என்ன செய்யும் என்பதும் விடை தேட வேண்டிய கேள்விகள். என்னைக் கேட்டால், குமரி மாவட்டத்துப் பெண் எழுத வேண்டிய ஆய்வு இதுதான் என்பேன்.

இடங்களைப் பொறுத்தவரை, உருகி உறையும் பொருள்களில் நெடுங்காலமாக வேலை நடக்கும் இடம் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆற்றல் ஆய்வு நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யின் இயந்திரவியல் துறையில் உலோக ஹைட்ரைடுகளை (ஹைட்ரஜனை உள்வாங்கிய உலோகச் சேர்மங்கள்) வைத்து வெப்பத்தைச் சேமிக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. கேட் அல்லது நெட் தேர்வில் தேறினால் உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். இது 2023 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ள விகிதம்.

வெளிநாட்டில் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆர்., ஸ்டுட்கார்ட்டிலும் கொலோனிலும் இதற்கென்றே கூடங்கள் வைத்திருக்கிறது. பிரிட்டனில் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் ஸ்பெயினில் லெய்தா பல்கலைக்கழகமும் பெயர்பெற்றவை. ஜெர்மனியில் ஆய்வு மாணவர் இடம் பெரும்பாலும் சம்பள வேலையாகவே அறிவிக்கப்படும். ஆகவே கல்விக்கட்டணம் கேட்டு வரும் முகவர்களிடம் சிக்கிக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு வலைப்பின்னல்களில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உள்ள நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது விதி. குழித்துறையிலேயே இருந்தது இங்கே உங்களுக்குச் சாதகம்.

விண்ணப்பம் எழுதும் முன் ஒரு வாரம் போர்மாவிலும் கொதிகலனிலும் மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். அந்தத் தாளை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

கேள்வி: தக்கலையில் பாலிடெக்னிக் விரிவுரையாளராக இருக்கிறேன். வேலையை விடாமல் இதே துறையில் முனைவர் பட்டம் பெற முடியுமா?
— வாசகர், தக்கலை

பதில்: முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. குறைந்தது மூன்று ஆண்டுகள், வழக்கமான உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். பகுதிநேரத்தில் சேர்வோருக்கு உதவித்தொகையை எதிர்பார்க்க வேண்டாம். சோதனைக்கூடத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய பொருளாய்வைவிட, கணினியில் கணித்து இங்குள்ள ஓர் ஆலையில் அளந்து சரிபார்க்கக்கூடிய தலைப்பே உங்களுக்குப் பொருந்தும். ஆய்வுக்கு நேரம் ஒதுக்க உங்கள் கல்லூரி நிர்வாகம் சம்மதிக்கிறது என்ற தடையின்மைச் சான்றிதழும் கட்டாயம் வேண்டும். நேர்முகத் தேர்வுக்குத் தேதி வந்த பிறகு ஓடாமல், விண்ணப்பிக்கும் முன்பே அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.