எந்த நூறு பேர்?

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். எங்களுக்குப் புள்ளியியலைச் சமூக மருத்துவப் பாடத்தின் ஓரத்தில் நடத்தினார்கள். பி-வேல்யூ போன்ற புள்ளியியல் அளவுகளை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணினோம். ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் டாக்டர்களின் அவசர முடிவுகளும் மனச்சாய்வுகளும் குறையுமா? இல்லை, இனி ஏ.ஐ. பார்த்துக்கொள்ளுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏ.ஐ.யை விடுங்கள். அது கணக்குப் போட்டாலும், நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போவது நீங்கள்தான்.

குறையுமா என்றால், ஓரளவு குறையும். 1988இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மேற்படிப்புக்குப் பிறகு மருத்துவ, உளவியல் மாணவர்களின் புள்ளியியல் யோசனை மேம்பட்டிருந்தது. வேதியியல் மாணவர்களிடம் அப்படி நடக்கவில்லை. சரி, அது இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் தறி இருந்தது. அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுவாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாளே என்று ஒரு இலவச முகாமுக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். நோய் இருப்பதாக ரிசல்ட். (நோயின் பெயரை எழுதினால் இப்போதும் கோபித்துக்கொள்வாள்.) "டெஸ்ட் தொண்ணூத்தஞ்சு சதவீதம் கரெக்டா இருக்கும்மா" என்றார் டாக்டர். அம்மா கேட்டாள்: "எந்த நூறு பேருல சார் தொண்ணூத்தஞ்சு?" அவர் எரிச்சலோடு அடுத்த சீட்டை எடுத்தார்.

தம்பி, எட்டாவதோடு நின்றவள் கேட்ட கேள்வி இது. 1978இல் ஹார்வர்டின் மருத்துவமனைகளில் மாணவர்கள், பயிற்சி டாக்டர்கள், பெரிய டாக்டர்கள் என்று 60 பேரிடம் இதையே வேறு மாதிரி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோயில்லாதவர்களிலும் 100க்கு 5 பேருக்கு 'இருக்கிறது' என்று காட்டும் சோதனை. அப்படிக் காட்டிய ஒருவருக்கு நிஜமாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 27 பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

தலை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரை சேலம் அஞ்சு ரோட்டில் நிற்க வையுங்கள். நோயாளி ஒருவர், சோதனை அவரைப் பிடித்துவிட்டது என்றே வைப்போம். மிச்சம் 999 பேரில் சுமார் 50 பேருக்கும் பொய்யாக 'இருக்கிறது' என்று வரும். ஆக, சீட்டும் கையுமாகக் கலங்கி நிற்பது 51 பேர். அதில் நோயாளி ஒருவர். இரண்டு சதவீதம்! அதே சீட்டு, அறிகுறியோடு வந்தவர் கையில் இருந்தால் கணக்கே வேறு, அவர் நிற்கும் வரிசையில் நோயாளிகள் அதிகம். சதவீதத்தை இப்படி ஆள் கணக்காக மாற்றிக் கொடுத்தால் டாக்டர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் காட்டியிருக்கிறார். இதற்குப் பாடத்திட்டம் மாற வேண்டுமா? ஒரு பேனாவும் கேஸ் ஷீட்டின் பின்பக்கமும் போதாதா? மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியதைப் பழி போடுகிற தோரணையில் எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடம் செய்தது யார்?

கோபிக்காதீர்கள். டியூட்டி முடிந்து தூங்காமல் இதையெல்லாம் யோசிக்கிறவரிடம்தான் இப்படிப் பேச முடியும்.

அம்மா மூன்று வாரம் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துக்கொண்டாள். பேத்தியைத் தூக்கவில்லை. மறு சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அன்று சாயங்காலமே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்பிவிட்டாள். அந்தத் தம்ளரை மட்டும் அப்புறம் புழக்கத்துக்கு எடுக்கவே இல்லை.