கேப்டவுன் ஒப்பீட்டுக் கட்டுரை திரும்பி வந்தது குறித்து

சென்னையின் சாதியையும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இருந்த நிறவெறியையும் ஒப்பிட்டு நீங்கள் எழுதிய கட்டுரையை, ‘ஒப்பீடு நிற்கவில்லை’ என்று குறித்துப் பேராசிரியர் திருப்பித் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் முழுமையாக ஒப்பிடுவதை விட்டுவிட்டு, நகரின் நடுவிலிருந்து அரசு மக்களை அப்புறப்படுத்தும் விதம் என்ற ஒன்றை மட்டும் இரு ஊர்களிலும் ஆராயுங்கள். பேராசிரியரின் அந்தக் குறிப்புக்கு அதுவே தீர்வு.

முதல் பாதி கேப்டவுன், மறுபாதி சென்னையில் உங்கள் வியாசர்பாடி, இறுதியில் மாலை வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த சேவை அனுபவம் என்று அடுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு ஊர்களும் வருகின்றனவா என்று பாருங்கள். வராதது வெறும் விவரணை.

எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ், கேப்டவுனின் நடுவிலிருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற குடியிருப்பு 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அங்கிருந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேப் ஃபிளாட்ஸ் போன்ற புறநகர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கே சென்னையில் கூவக் கரைக் குடும்பங்கள் நகரின் தெற்கு ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பிள்ளையின் பள்ளி, தாய் வீட்டுவேலைக்குப் போன தெரு, அங்கு போய்வரும் பஸ் செலவு ஆகியவை இரு இடங்களிலும் என்ன ஆயின என்று கேட்டால் ஒப்பீடு உயிர்பெறும்.

ஓர் எச்சரிக்கை: அங்கே சட்டமே இனத்தைப் பெயர் சொல்லிப் பிரித்தது; இங்கே அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்க, வெளியேற்றம் நீர்நிலைச் சீரமைப்பின் பெயரால் நடக்கிறது. ஆகவே சாதியின் பங்கை அனுமானிக்காமல், யார் வெளியேற்றப்பட்டார்கள் என்பதைக் கொண்டு நிறுவ வேண்டும். வகுப்புப் பிள்ளைகள் சொன்னவற்றைப் பெற்றோர் சம்மதமும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் தயவுசெய்து எழுதாதீர்கள்.