வாசகர் கேட்கிறார்கள்: இங்கிலாந்து கிராமத்தில் நடக்கப் போகும் முன்

பிள்ளைகள் வீட்டில் சில மாதம் தங்கிவர இங்கிலாந்து போகும் பெற்றோர் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். அங்கே கிராமப்புறத்தில் நடப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

மகள் அங்கே நர்ஸ். வீட்டுக்குப் பின்னால் கோதுமை வயல். அதன் நடுவே ஆட்கள் நடந்து போவதை வீடியோவில் காட்டினாள். அடுத்தவர் வயலுக்குள் அப்படிப் போகலாமா? விவசாயி சத்தம் போட மாட்டாரா?
*ஒரு வாசகி, தக்கலை*

போகலாம், பாதையாகப் பதிவான தடத்தில் மட்டும். நிலம் விவசாயியுடையது, அந்தத் தடத்தில் நடந்துபோகும் உரிமை எல்லாருக்கும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொதுவழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பகுதியின் உள்ளாட்சி மன்றமும் இவற்றை வரைபடத்தில் குறித்துப் பதிவேடாக வைத்திருக்கிறது. அதில் ஏறிய பாதையை நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு அடைக்க முடியாது.

வழியில் உள்ள கம்பங்களில் சின்ன வட்டத் தகட்டில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். ஊதாவில் குதிரை வண்டிக்கும் அனுமதி, மோட்டார் வண்டிக்கு இல்லை. சிவப்பில் மோட்டார் வண்டியும் வரலாம், ஓரமாக நடங்கள். அம்பு எந்தச் சாய்வில் அறையப்பட்டிருக்கிறது என்று நின்று பாருங்கள். அதே சாய்வில் வயலின் எதிர்வேலியை நோக்கினால் அடுத்த கம்பமோ கேட்டோ தெரியும். பலரும் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலியோரமாகவே போய் வழி தவறுகிறார்கள்.

வயலின் நடுவே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் விதைப்புக்காக முதலில் உழுத 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பச் சீராக்கித் தர வேண்டும். பயிர் பாதையை மூடியிருந்தாலும் அந்தத் தடத்திலேயே ஒருவர் பின் ஒருவராக நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதை அடைபட்டிருந்தால் விவசாயியோடு வாக்குவாதம் வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு உள்ளாட்சி மன்றத்துக்கு எழுதினால் போதும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்னும் விரிவான உரிமை இருக்கிறது.

போனில் கூகுள் மேப் இருக்கும்போது காகித மேப் எதற்கு?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

கூகுள் மேப் சாலைக்கு நல்லது. எந்த வயல்தடம் பொதுவழி, எது விவசாயியின் சொந்த வழி என்று அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதற்கு ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரைபடம் வேண்டும். ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு, மேப்பில் 4 செ.மீ. தரையில் 1 கி.மீ. இளஞ்சிவப்பு அட்டை போட்ட ‘லேண்ட்ரேஞ்சர்’ 1:50,000 அளவு. அதை வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். எக்ஸ்ப்ளோரரில்தான் ஒவ்வொரு வயலின் வேலியும் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கும். பாதை வேலிக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்பது அதில்தான் தெரியும், கிராமத்து நடையில் பாதிச் சிக்கல் அங்கேதான். பச்சையில் குட்டைக் கோடுகள் நடைபாதை, பச்சையில் நீளக் கோடுகள் குதிரைப்பாதை. வெறும் கறுப்புப் புள்ளிக்கோடு தரையில் தடம் இருப்பதை மட்டும் சொல்கிறது. நடக்கும் உரிமையைச் சொல்லவில்லை.

தேவாலயக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை என்றால் சதுரக் கோபுரம் உள்ள ஆலயம். கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை என்றால் ஊசிக்கோபுரம். வெறும் சிலுவை என்றால் கோபுரம் இல்லை. மேட்டில் நின்று தூரத்தில் ஒரு கோபுரத்தைப் பார்த்ததும் அது எந்த ஊர் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

வயது 63. தினமும் காலையில் 5 கி.மீ. நடப்பேன். அங்கே எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்?
*ஒரு வாசகர், குலசேகரம்*

முதல் வாரம் 6 கி.மீ.க்கு மேல் வேண்டாம். நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். இது திடகாத்திரமானவர்களுக்கு. உங்களுக்கு மணிக்கு 3 கி.மீ. என்று வையுங்கள். 8 கி.மீ.யும் 120 மீட்டர் ஏற்றமும் இருந்தால் நடைக்கு 2 மணி 40 நிமிடமும் ஏற்றத்துக்கு 12 நிமிடமும் ஆகும். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தால் நாலு மணி நேரம்.

தூரத்தைவிட முக்கியம் சூரியன் மறையும் நேரம். நம்மூரில் வருடம் முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான் மறைகிறது, அதனால் அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. தென் இங்கிலாந்தில் ஜூன் கடைசியில் இரவு ஒன்பதேகாலுக்கு மேலும் வெளிச்சம். டிசம்பர் நடுவில் மாலை நாலு மணிக்கே இருட்டு. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். முந்தின நாள் இருந்த மாலை வெளிச்சம் அன்று ஒரு மணி நேரம் முன்பே போய்விடும். குளிர்காலத்தில் மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பவே கூடாது. காலை பத்துக்குப் புறப்பட்டு இரண்டுக்குள் திரும்புங்கள். கையில் டார்ச் இருக்கட்டும்.

சுடிதார் போட்டு நடக்கலாமா? வேலியைத் தாண்ட வேண்டுமாமே, எனக்கு முழங்கால் வலி உண்டு.
*ஒரு வாசகி, மார்த்தாண்டம்*

சுடிதார் பரவாயில்லை, துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், முள்கம்பியில் மாட்டும். பருத்தித் துணி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸும் அப்படித்தான். சீக்கிரம் காயும் பாலியஸ்டர் பேன்ட், மேலே மழைக்கோட்டு, கம்பளிச் சாக்ஸ் போதும். கோடையிலும் கால்சட்டை முழு நீளத்துக்கு இருக்கட்டும். பாதையோரம் வளரும் நெட்டில் செடி பட்டால் காந்தும். உயர்ந்த புல்லிலும் பெரணிப் புதரிலும் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், கவட்டி, அக்குள் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் வைக்கக்கூடாது. பின்வரும் வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டமாகப் பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள், அது லைம் நோயாக இருக்கலாம்.

வேலியைத் தாண்டும் மரப்படிக்கு அங்கே ‘ஸ்டைல்’ என்று பெயர். ஏறும் முன் கைக்கம்பத்தை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஈரப் பலகையில் பாசி வழுக்கும். பாதத்தின் நடுப்பகுதி பலகையில் பதியும்படி குறுக்காக வையுங்கள். மேலே போனதும் திரும்பி, படியைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குங்கள். முன்னோக்கி இறங்கும்போதுதான் முழங்கால் மேல் பாரம் முழுக்க விழுகிறது. ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும். பூட்டிய கேட்டில் ஏற நேர்ந்தால் கீல் உள்ள பக்கமாக ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் கேட் தொங்கிவிடும். திறந்து போகும் கேட்டை, எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்.

முழங்கால் வலி இருந்தால் ஸ்டைல் இல்லாத பாதையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. பல ஊர்களில் ஸ்டைலை எடுத்துவிட்டுக் கேட் வைத்து வருகிறார்கள். உள்ளாட்சி மன்றத்தின் இணையதளத்தில் ‘ஸ்டைல் இல்லாத நடை’ என்று தேடிப் பாருங்கள்.

மாடு வளர்க்கும் குடும்பம் நாங்கள். அங்கே மாட்டுக்குப் பயப்படச் சொல்கிறார்களே, ஏன்?
*ஒரு வாசகர், தோவாளை*

நம் மாடு கயிற்றில் நிற்கும், நம்மை அறியும். அங்கே முப்பது நாற்பது மாடு கட்டில்லாமல் ஒரே வயலில் மேயும், அந்நியரை அறியாது. கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் இடையே ஒருபோதும் போகாதீர்கள். மந்தையை விட்டு விலகி, தேவையானால் பாதையை விட்டும் விலகிச் சுற்றிப் போங்கள். இளங்காளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவரும், ஓடினால் துரத்தும். திரும்பி நின்று கையை விரித்து, சத்தமில்லாமல் மெதுவாக நகருங்கள். கூட நாய் இருந்து மாடு பாய்ந்தால் உடனே நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டுக்குப் பகை நாய்தான், அது ஓடித் தப்பிக்கும், நீங்களும் பிழைப்பீர்கள். பால்மாட்டு இனத்துப் பொலிகாளை 10 மாதத்துக்கு மேல் வயதானால் பொதுவழி உள்ள வயலில் விட அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. மற்ற இனக் காளையைப் பசுக்களோடு விடலாம்.

முதல்முறை போக ஒரு நல்ல இடம் சொல்லுங்கள்.
*ஒரு தம்பதி, கருங்கல்*

காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் ஊரிலிருந்து லோயர் ஸ்லாட்டர், அங்கிருந்து அப்பர் ஸ்லாட்டர். முதல் பகுதி சுமார் 2.5 கி.மீ., அடுத்தது ஒன்றரை. போய்வர மொத்தம் 8 கி.மீ., ஏற்றம் கொஞ்சம்தான். தேன்நிறக் கல் வீடுகள், ஐ என்ற சிற்றாறு, லோயர் ஸ்லாட்டரில் பழைய மாவு ஆலை. எக்ஸ்ப்ளோரர் ஓஎல்45 வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் இறங்கி பஸ் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்து பஸ் குறைவு, சில ஊர்களுக்கு அறவே இல்லை. திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு நடையைத் திட்டமிடுங்கள்.

போகும் முன் இங்கேயே பழகிக்கொள்ள முடியுமா?
*ஒரு வாசகி, இரணியல்*

கண்டிப்பாக. தார்ச்சாலையில் நடந்து பழகினால் கணுக்காலுக்குப் பயிற்சி கிடைக்காது. மேடு பள்ளமான சானல் கரையில், மழை பெய்த மறுநாளும் நடங்கள். வாரம் ஒருமுறை சிதறால் மலையேறி இறங்குங்கள். பூட்ஸை இங்கேயே வாங்கி, கம்பளிச் சாக்ஸோடு போட்டுப் பார்த்து அரை அளவு பெரிதாக எடுங்கள். இறங்கும்போது கால்விரல் முன்பக்கம் இடிக்கக்கூடாது. மூன்று நாலு வாரம் போட்டு நடந்தபிறகே விமானத்தில் ஏற்றுங்கள். அடிப்பாகத்தில் ஒட்டிய மண்ணைப் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள்.

வழியில் விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது?
*ஒரு வாசகர், குளச்சல்*

999 அல்லது 112. சாதாரண வயலென்றால் ஆம்புலன்ஸ் கேளுங்கள். மலைப்பகுதியென்றால் முதலில் போலீஸ், பிறகு ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்று கேட்க வேண்டும். இடத்தை மேப்பின் கட்ட எண்ணால் சொல்லுங்கள்: முதலில் கிழக்கு நோக்கிய எண், பிறகு வடக்கு நோக்கிய எண். ஆறு இலக்கம் சொன்னால் 100 மீட்டர் சதுரத்துக்குள் வந்துவிடுவார்கள். நடை தொடங்கும் முன் ஒருமுறை வீட்டிலேயே மேப்பை விரித்து, மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்து அந்த எண்ணைப் படித்துப் பழகுங்கள்.