பாட்டிகள் எடுத்துச் சென்ற கேள்வி

கேள்வி: எங்கே அநீதி நடந்தாலும் செல்போனில் ஒரு பதிவு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இதனால் உலகம் மாறுமா? பண்பாடு, தொழில்நுட்பம், போராட்டம் இவற்றில் எதற்கு வலிமை அதிகம்? (ஒரு வாசகி)

பதில்: பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சகோதரி. இதை யாராவது கேட்டால் அர்ஜென்டினாவின் பாட்டிகள்தான் என் கண்முன் வருகிறார்கள்.

1976இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துப் போனார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள் புவனோஸ் ஐரிஸ் நகரின் மாயோ சதுக்கத்தில், அரசு மாளிகைக்கு எதிரே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியது. நிற்கத்தானே கூடாது? இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடந்தார்கள். பிறகு அடையாளத்துக்காகத் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். முதலில் கட்டியது, பிள்ளைக்குக் கட்டும் அணையாடையை! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்கும். அந்த டிசம்பரிலேயே அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோரைக் கடத்திக் கொன்றார்கள். மற்றவர்கள் அடங்கிவிடவில்லை.

கர்ப்பிணிகளாகப் பிடிபட்டவர்கள் சிறையில் பெற்ற குழந்தைகளைப் பிறர் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைத் தேடிய பாட்டிகள், ரத்தப் பரிசோதனையால் தந்தையை உறுதிசெய்த செய்தியொன்றைப் பத்திரிகையில் படித்தார்கள். பெற்றவர்கள் உயிரோடு இல்லையே, எங்கள் ரத்தம் போதுமா? இந்தக் கேள்வியோடு கடல் கடந்து விஞ்ஞானிகளின் கதவைத் தட்டினார்கள். மேரி கிளேர் கிங் போன்ற மரபியலாளர்கள் வழி கண்டார்கள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் ஒரு மரபணுப் பகுதி, தாய்வழிப் பாட்டியையும் பேரப்பிள்ளையையும் இணைத்துக் காட்டியது. 1987இல் தேசிய மரபணு வங்கிக்குச் சட்டம் வந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கிடைத்திருக்கிறார்கள்.

உங்கள் பதிவை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறப்பில் சந்தேகம் இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று நாடகத்திலும் இசை மேடையிலும் அந்தப் பாட்டிகளும் அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடவில்லை. வருகிறவருக்காக ரத்த மாதிரியோடு காத்திருந்தார்கள். 2014இல் அப்படித் தானாக வந்த 36 வயதுப் பியானோ கலைஞர், பாட்டிகளின் தலைவி எஸ்தெலா தே கார்லோட்டோவின் சொந்தப் பேரன். அப்போது பாட்டிக்கு வயது 83.