நீளம் சரி, துளை சரியில்லை

கேள்வி: பழைய நேர்க்கத்தித் துணி வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். அதற்கு 8 அங்குல பிளேடு ஆர்டர் செய்தேன். நீளம் சரியாக இருக்கிறது, ஸ்க்ரூ துளைதான் பொருந்தவில்லை. விற்றவரோ, "துளையை அரத்தால் கொஞ்சம் ராவிக்கொள்ளுங்கள்" என்கிறார். ராவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். அரம் பட்ட பிளேடை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். அதைவிட முக்கியமானது, இந்தப் பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஓடுகிறது. துளை மயிரிழை அகன்றாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் பிளேடு ஆடும். ஆடுகிற இடத்தில் விரிசல் விழும்.

1888-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் மின்சாரத்தால் ஓடும் முதல் துணி வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார் (கோடக் கேமரா ஈஸ்ட்மன் வேறு). அவருக்குப் பின் வந்த நிறுவனங்கள் தத்தம் இஷ்டப்படி துளை அமைத்தன. ஆகவே "8 அங்குலம்" என்று மட்டும் சொல்லி பிளேடு வாங்குவது, அளவு மட்டும் சொல்லிச் சாவி வாங்குவதைப் போன்றது.

பழைய பிளேடு கையில் இருந்தால் அளந்துவிடுங்கள். ஆனால் அதன் அகலத்தை நம்பாதீர்கள். சாணை பிடித்துப் பிடித்து அது தேய்ந்திருக்கும். சாணை படாதது முதுகுப் பக்கம்தான். முதுகிலிருந்து துளை வரையுள்ள தூரம், துளையின் வடிவம், பிளேடின் தடிமன் மூன்றையும் காலிப்பரால் எடுங்கள். மாடல் எண்ணுடன் பழைய பிளேடின் படத்தையும் விற்பவருக்கு அனுப்புங்கள்.

சரியான பிளேடு வந்ததும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பிவலைக் கையுறையுடன் மாட்டுங்கள். மோட்டாரைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பிளேடு இறங்கும்போது அடித்தட்டில் இடித்தால் நீளம் அதிகம். துணி அடுக்கின் அடியிலுள்ள கடைசித் துணி வெட்டுப்படவில்லை என்றால் நீளம் போதவில்லை. அடுத்து பிளேடின் கீழ் முனையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நன்றாக ஆடுகிறதா? அப்படியானால் பிளேடு மேலும் கீழும் ஓடும் காடி (பள்ளம்) தேய்ந்திருக்கிறது. எத்தனை பிளேடு மாற்றினாலும் வெட்டு வளையத்தான் செய்யும். பழைய இயந்திரம் வாங்கும்போது எல்லோரும் மோட்டார் சத்தத்தைக் கேட்கிறார்கள், இதைத் தொட்டுப் பார்ப்பவர் குறைவு.

கேள்வி: ஹை ஸ்பீடு ஸ்டீல் பிளேடு விலை அதிகம். சாதா கார்பன் ஸ்டீல் போதாதா?

பதில்: பருத்திக்குப் போதும். பாலியெஸ்டர் அடுக்குகளில் பிளேடு சூடேறி, ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூட்டில் முனை மழுங்காமல் தாங்குவது ஹை ஸ்பீடு ஸ்டீல். ஒட்டுவது தொடர்ந்தால், அலைவிளிம்பு பிளேடைக் கேளுங்கள், அடுக்கின் உயரத்தையும் குறையுங்கள். எதை வாங்கினாலும் துளையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.