லீவு சீட்டில் யார் கையெழுத்து?

'எங்கள் யூனிட்டில் முதல்முறையாக ஒரு பெண்ணை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறோம். அவருக்கு எப்படித் துணை நிற்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த இடத்தில் இருந்தவள், அதனால் சொல்கிறேன்.

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் கழித்து சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஸ்வீட் கொடுத்துக் கைதட்டினார்கள். மறுநாளே ஒரு பிள்ளை லீவு கேட்டு வந்தாள். சீட்டில் கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லை. பழைய சூப்பர்வைசர் அண்ணன்தான் போட வேண்டுமாம். ஓவர்டைமுக்கும் அவர்தான். ஆனால் ஆள் குறைந்து உற்பத்தி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நான். நாலு மாசம் ராத்திரித் தூக்கம் இல்லை. 'நமக்கு இந்த வேலை வராதோ' என்று என்னையே நொந்துகொண்டேன். கையைக் கட்டிவிட்டு வேலை வாங்குகிறார்கள் என்பது அப்போது எனக்கே விளங்கவில்லை.

புதிதாக வந்த மேனேஜர் இதைப் பார்த்தார். லீவு, ஓவர்டைம் இரண்டுக்கும் என் கையெழுத்து போதும் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். என்னைத் தாண்டி அவரிடம் போனவர்களை, "அக்காகிட்டக் கேட்டீங்களா? அவங்ககிட்டப் போயிக் கேளுங்க" என்று திருப்பி அனுப்பினார். ரெண்டு வாரத்தில் ஆட்கள் நேரே என்னிடம் வந்தார்கள். நான் தப்பு செய்த நாளும் உண்டு. அதை அவர் ரூமுக்குக் கூப்பிட்டுத்தான் சொன்னார், மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லவில்லை.

இன்னொன்று, டீக்கடை. மறுநாள் யாருக்கு எந்த மெஷின் என்பதெல்லாம் ஷிப்ட் முடிந்து டீக்கடையில்தான் முடிவாகும். நான் அந்நேரம் திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சை ஷிப்ட் முடிய கால் மணி நேரம் முன்னால் உள்ளேயே வைக்கச் சொன்னார். உங்கள் யூனிட்டிலும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய் நிலக்காரர்களிடம் கூலி பேசியவர். பிறகு களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை முன்னின்று நடத்தினார்; விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாயே இந்த அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவருடைய திறமை பெரிதுதான். ஆனாலும் கூட வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போய்த் தனித்தனியாகக் கூலி பேசியிருந்தால் அவர் பேச்சு எடுபட்டிருக்குமா?

சட்டம் சொல்வதையும் செய்துவிடுங்கள். 10 பேர் வேலை பார்த்தாலே பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும், மூத்த பெண் ஊழியர் தலைமையில். இது 2013 சட்டம். 50 பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் திருத்தம் வந்தது. எங்கள் கம்பெனியில் காப்பகம் வந்த பிறகு, பிரசவத்தோடு நின்றுவிட இருந்த ரெண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அதில் ஒருத்தி இப்போது குவாலிட்டி பிரிவையே பார்த்துக்கொள்கிறாள்.